பரவளையத்தின் பண்புகளை ஆயத்தொலைகளால் நிறுவுவது எப்படி: மொரிஷியஸ் எச்.எஸ்.சி. மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பரவளையம் பற்றிய நிறுவல் ஒன்று இரண்டு பக்கம் வர்க்கமூலமாக நீண்டுகொண்டே போனால், உடனே பேனாவைக் கீழே வையுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு வரிகளிலேயே அச்சையோ புள்ளியையோ தவறாகத் தேர்ந்திருப்பீர்கள். சரியாகத் தொடங்கினால் கீழே வரும் நிறுவல்களில் எதுவும் பத்து வரியைத் தாண்டாது.

எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். லெசோனில் (தனி ட்யூஷனில்) சொல்லிக்கொடுப்பவர் பாதி நேரம் ஃபுவாயே, திரெக்திரிஸ், சொமே என்று பிரெஞ்சில் போவார். தமிழில் அவை முறையே குவியம், இயக்குவரை, முனை. மூன்று மொழிப் பெயர்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரிசையில் எழுதிவையுங்கள். அரைமணி நேர வேலைதான், ஆனால் ஆண்டு முழுக்கக் குழப்பம் மிச்சம்.

இந்தக் கட்டுரையில் குறியீடுகளும் தமிழ் எழுத்துகளே. கிடை ஆயத்தொலை எக்ஸ் என்பதற்கு க, நெட்டு ஆயத்தொலை ஒய் என்பதற்கு ந, குவியத் தொலைவு ஏ என்பதற்கு அ. வளைவரை மீதுள்ள புள்ளியைக் காட்டும் துணையலகுகள் த, ச. விடைத்தாளில் வழக்கமான ஆங்கில எழுத்துகளையே எழுதுங்கள். குவியத்துக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் எஸ் என்ற பெரிய எழுத்தைப் போடுவதால், துணையலகுக்கு மறந்தும் அதைப் போடாதீர்கள். பீ, க்யூ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ரூலர். செலவு அவ்வளவுதான். வரைபடம் காட்டும் கால்குலேட்டருக்குப் பணம் போடாதீர்கள். எச்.எஸ்.சி.க்கு நாம் எழுதும் கேம்பிரிட்ஜ் 9709 கணிதத் தேர்வில் அதற்கு அனுமதி இல்லை, இந்த வேலைக்கு அது உதவப்போவதும் இல்லை.

தேர்வில் தரப்படும் எம்.எஃப்.19 சூத்திரப் பட்டியலை ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பாருங்கள். துணையலகுச் சமன்பாடுகளை வகையிடும் விதி அதில் இருக்கிறது. பரவளையத்தின் தொடுகோட்டுச் சமன்பாடு, குவிநாண் (குவியம் வழியே செல்லும் நாண்) விதி எதுவும் இல்லை. 9709 பாடத்திட்டத்திலும் குவியம், இயக்குவரை என்று தனித் தலைப்புக் கிடையாது. நேர்கோடு, வட்டம், தொடுகோடு, செங்கோடு (தொடுபுள்ளியில் தொடுகோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கோடு), துணையலகு வகையீடு ஆகியவை உண்டு, அவ்வளவே. ஆகவே பரவளையம் கேள்விக்குள் வந்தால், அந்தக் கருவிகளைக் கொண்டு நீங்களே வருவித்துக் காட்ட வேண்டியிருக்கும். "இது தெரிந்த முடிவு" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மதிப்பெண் நழுவும். தமிழ்நாட்டு 12-ஆம் வகுப்புப் புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கே கூம்பு வெட்டுகளுக்கு ஒரு தனிப் பாடமே இருக்கிறது, அங்கே சூத்திரமாகத் தருவதை இங்கே நிறுவியாக வேண்டும்.

நேரக் கணக்கு: பி1, பி3 என்ற தூய கணிதத் தாள்கள் ஒவ்வொன்றும் 1 மணி 50 நிமிடம், 75 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 88 வினாடி. 8 மதிப்பெண் கேள்விக்கு 12 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. நான்காம் படியில் வரும் நான்கு சமன்பாடுகளையும் வெற்றுத்தாளில் 8 நிமிடத்துக்குள் வருவிக்கப் பழகினால் இந்தக் கணக்கு தாங்கும்.

2. அச்சை நீங்களே தேர்ந்தெடுங்கள்

கேள்வியில் சமன்பாடு தராமல் "பரவளையம் ஒன்றில்" என்று மட்டும் இருந்தால், அச்சைத் தேர்வது உங்கள் உரிமை. முனையை ஆதியில் வையுங்கள், சமச்சீர் அச்சைக் கிடை அச்சாக வையுங்கள். குவியம் (அ, 0), இயக்குவரை க = −அ, அ > 0. இந்த வரியை விடைத்தாளில் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாமல் சமன்பாட்டுக்குத் தாவினால், ஒரு தனி நிலையை மட்டும் நிறுவியதாகத் திருத்துபவர் எடுத்துக்கொள்ளலாம்.

குவியத்திலிருந்தும் இயக்குவரையிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளின் தொகுப்பே பரவளையம். எனவே

(க − அ)² + ந² = (க + அ)²

விரித்தால் க², அ² இரண்டும் அடிபட்டு ந² = 4அக மிஞ்சும். வர்க்கப்படுத்தியதால் வேண்டாத புள்ளி எதுவும் நுழைந்துவிட்டதா என்ற சந்தேகம் வரும். தூரங்கள் இரண்டும் எதிர்மமாகாத எண்கள் என்பதால் வர்க்கம் சமமானால் தூரமும் சமம். இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இந்த இடத்தில் அடிக்கடி விழும் பள்ளங்கள் இரண்டு. ந² = 8க என்றால் அ = 2. பலர் 8 என்று போட்டுவிட்டு, குவியத்தை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராடுவார்கள். இரண்டாவது பள்ளம், சார்புப் பாடத்தில் பழகிய ந = க² − 4க + 7 போன்ற வடிவம். இதை வர்க்க நிரப்பினால் (க − 2)² = ந − 3. ஆகவே 4அ = 1, அ = ¼. முனை (2, 3), குவியம் (2, 3¼), இயக்குவரை ந = 2¾. க²-இன் குணகம் 1 என்பதைப் பார்த்து குவியத் தொலைவையும் 1 என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். குணகத்தை நான்கால் பெருக்கித் தலைகீழாக்கினால்தான் குவியத் தொலைவு. நிறுவல் கேள்வி என்றால், இப்படிப்பட்ட வடிவத்தை முதலில் முனைக்கு நகர்த்திவிட்டுத் தொடங்குங்கள். நகர்த்துவதால் தூரமும் கோணமும் மாறுவதில்லை.

3. புள்ளியை ஒரே எழுத்தால் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வளைவரை மீதுள்ள புள்ளியை இரண்டு தெரியாக் கணியங்களால் எழுதி, பின்னால் ந² = 4அக என்பதைப் பிரதியிட்டுக்கொண்டே போனால் வழியில் எங்கோ ஒரு முறை மறந்துவிடும். க-வை வைத்து ந = 2√(அக) என்று எழுதினாலோ, வளைவரையின் கீழ்ப் பாதி காணாமல் போய்விடும்.

ஆகவே புள்ளியை (அத², 2அத) என்று எழுதுங்கள். இனி இதைச் சுருக்கமாக "த-புள்ளி" என்போம். வளைவரையின் எல்லாப் புள்ளிகளும் இதில் அடங்குமா? அடங்கும். எந்தப் புள்ளியை எடுத்தாலும் த = ந/2அ என்று வைத்தால் க = ந²/4அ = அத² ஆகிவிடும். ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு த. மேற்பாதியில் த நேர்மம், கீழ்ப்பாதியில் எதிர்மம், முனையில் பூச்சியம்.

த ஒரு கோணம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். வட்டத்தின் துணையலகுச் சமன்பாட்டைப் படித்த பழக்கதோஷம். இங்கே அது வெறும் எண். த-புள்ளியில் தொடுகோட்டின் சாய்வைத் தலைகீழாக்கினால் கிடைக்கும் எண் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதன் பலன் உடனே தெரியும். குவியத்திலிருந்து த-புள்ளியின் தூரம் என்ன? தூரச் சூத்திரத்தில் போட்டால் வர்க்கமூலத்துக்குள் அ²(த² − 1)² + 4அ²த² என்று நீளத் தேவையில்லை; அந்தத் தூரம் இயக்குவரையிலிருந்து உள்ள தூரத்துக்குச் சமம், அதாவது அத² + அ = அ(1 + த²). மூலக்குறியே இல்லை. பரவளையக் கணக்கில் குவியத் தூரம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் இயக்குவரைப் பக்கம் திரும்புங்கள்.

4. நான்கு சமன்பாடுகளை வரிசையாக வருவியுங்கள்

வரிசை முக்கியம். முதலில் நாண், அதிலிருந்து தொடுகோடு, பிறகு தொடுகோடுகள் வெட்டும் புள்ளி, கடைசியாகச் செங்கோடு.

நாண்: த-புள்ளியையும் ச-புள்ளியையும் இணைக்கும் கோட்டின் சாய்வு 2அ(த − ச) / அ(த² − ச²) = 2/(த + ச). இதைக் கொண்டு கோட்டை எழுதிச் சுருக்கினால்

(த + ச)ந = 2க + 2அதச

சுருக்கும்போது (த − ச) என்பதை அடித்தோம். இரண்டும் வெவ்வேறு புள்ளிகள் என்பதால்தான் அது செல்லும். த + ச = 0 என்றால் நாண் செங்குத்தாக நிற்கும், சாய்வு கிடையாது. ஆனால் மேலே கிடைத்த சமன்பாட்டில் வகுத்தல் இல்லாததால் அது அப்போதும் உண்மை. ச = −த என்று போட்டுப் பாருங்கள், க = அத² வருகிறது. இந்தக் காரணத்துக்காகவே சமன்பாட்டைப் பின்னம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தொடுகோடு: ச-புள்ளி த-புள்ளியை நெருங்கினால் நாண் தொடுகோடாகும். ச = த என்று போட்டு இரண்டால் வகுத்தால்

த·ந = க + அத²

தேர்வில் வகையீட்டு வழியில் எழுதுவதே நல்லது. த-ஐப் பொறுத்து க-வின் வகைக்கெழு 2அத, ந-வின் வகைக்கெழு 2அ, ஆகவே சாய்வு 1/த. அவசரத்தில் தலைகீழாக த என்று எழுதுபவர்கள்தான் அதிகம். முனையில் த = 0, அங்கே சாய்வு வரையறுக்கப்படவில்லை, தொடுகோடு க = 0. பின்னம் நீக்கிய சமன்பாடு அதையும் தானே தந்துவிடுகிறது.

தொடுகோடுகள் வெட்டும் புள்ளி: த·ந = க + அத², ச·ந = க + அச² இரண்டையும் கழித்தால் (த − ச)ந = அ(த² − ச²). எனவே வெட்டும் புள்ளி (அதச, அ(த + ச)). கிடைத் தொலைவில் பெருக்கல், நெட்டுத் தொலைவில் கூட்டல். இந்த ஒன்றை மட்டும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம், பின்வரும் பண்புகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

செங்கோடு: சாய்வு −த. ஆகவே ந + த·க = 2அத + அத³.

5. குவிநாண்: ஒரே நிபந்தனை, ஐந்து முடிவுகள்

குவியம் வழியே செல்லும் நாண் குவிநாண். நாணின் சமன்பாட்டில் (அ, 0)-வைப் பிரதியிட்டால் 0 = 2அ + 2அதச, அதாவது

தச = −1

குவிநாண் பற்றிய எந்தக் கேள்வியானாலும் முதலில் இந்த வரியை வருவித்து எழுதுங்கள். மறுதலையும் உண்மை: தச = −1 என்றால் நாண் குவியம் வழியே போகும். கேள்வியில் "என்றால், என்றால் மட்டுமே" என்ற தொனி இருந்தால் இரண்டு திசையையும் எழுத வேண்டும்.

குவிநாணின் இரு நுனிகளில் வரையும் தொடுகோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. சாய்வுகளின் பெருக்கல் 1/தச = −1. முடிந்தது.

அந்தத் தொடுகோடுகள் இயக்குவரை மீது சந்திக்கின்றன. வெட்டும் புள்ளியின் கிடைத் தொலைவு அதச = −அ. இதுவும் முடிந்தது.

குவிநாணின் நீளம்: இரண்டு குவியத் தூரங்களின் கூட்டல், அ(1 + த²) + அ(1 + ச²). ச = −1/த என்பதால் இது அ(த + 1/த)². நேர்ம த-க்கு த + 1/த எப்போதும் 2-க்குக் குறையாது, எதிர்ம த-க்கு −2-ஐத் தாண்டாது. ஆகவே மிகச் சிறிய நீளம் 4அ, அது த = ±1 என்னும்போது கிடைக்கும் செவ்வகலம், அதாவது அச்சுக்குச் செங்குத்தான குவிநாண். மிகச் சிறியது என்று காட்ட வகையீடு செய்யப் போகாதீர்கள்; (த + 1/த)² = (த − 1/த)² + 4 என்று எழுதினால் ஒரே வரி.

இரு துண்டுகளின் தலைகீழ்களின் கூட்டல் மாறிலி: 1/அ(1 + த²) + 1/அ(1 + ச²). இரண்டாம் உறுப்பில் ச² = 1/த² போட்டால் அது த²/அ(1 + த²) ஆகும். கூட்டினால் 1/அ.

குவிநாணை விட்டமாகக் கொண்ட வட்டம் இயக்குவரையைத் தொடும்: இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வட்டத்தின் சமன்பாட்டை எழுதி, க = −அ பிரதியிட்டு, இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி பூச்சியம் என்று காட்டப் புறப்படுகிறார்கள். சரியான வழிதான், ஆனால் நீளம். மையம் நாணின் நடுப்புள்ளி, அதன் கிடைத் தொலைவு அ(த² + ச²)/2. இயக்குவரையிலிருந்து அதன் தூரம் அ(த² + ச²)/2 + அ = அ(த² + ச² + 2)/2. நாணின் நீளம் அ(த² + ச² + 2) என்று மேலே பார்த்தோம். தூரம் அதில் பாதி, அதாவது ஆரம். தொடும் புள்ளி எது என்றும் கேட்டால் (−அ, அ(த + ச)), தொடுகோடுகள் இரண்டும் சந்தித்த அதே இடம். அரைவட்டக் கோணம் செங்கோணம் என்பதை நினைத்தால் அது ஏன் என்று விளங்கும்.

6. ஒளி திரும்பும் பண்பு

அச்சுக்கு இணையாக உள்ளே வரும் கதிர், வளைவரையில் பட்டு குவியத்துக்குத் திரும்பும். புயல் எச்சரிக்கை வந்ததும் மாடியிலிருந்து கழற்றி வைக்கிறோமே, அந்த டிஷ் வேலை செய்வது இதனால்தான். வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் பரவளையக் கிண்ணத்தின் ஒரு பக்கத்துத் துண்டு மட்டுமே. முனை அதன் கீழ் விளிம்பருகே இருக்கும், அலையை வாங்கும் பாகமும் நடுவில் நிற்காமல் கீழிருந்து நீளும் கையில் இருக்கும். அதைப் பார்த்து "குவியம் அச்சில் இல்லையே" என்று குழம்ப வேண்டாம். காற்றில் டிஷ் கொஞ்சம் திரும்பினாலும் படம் போய்விடுவதற்குக் காரணம், அலை அச்சுக்கு இணையாக வர வேண்டும் என்ற நிபந்தனை உடைவதுதான். நிறுவலிலும் அந்தச் சொல்லை விட்டுவிட்டால் வாதம் உடையும்.

நிறுவல்: த-புள்ளியில் உள்ள தொடுகோடு அச்சை எங்கே வெட்டுகிறது? ந = 0 போட்டால் க = −அத². அந்த வெட்டுப்புள்ளியிலிருந்து குவியத்தின் தூரம் அ + அத². குவியத்திலிருந்து த-புள்ளியின் தூரமும் அ(1 + த²). எனவே வெட்டுப்புள்ளி, குவியம், த-புள்ளி மூன்றும் இருசமபக்க முக்கோணம். தொடுகோடு அச்சோடு ஆக்கும் கோணமும், தொடுகோடு குவியத்தை இணைக்கும் கோட்டோடு ஆக்கும் கோணமும் சமம். த-புள்ளி வழியே அச்சுக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், ஒத்த கோணங்களால் அதுவும் தொடுகோட்டோடு அதே கோணத்தை ஆக்கும். ஆக, வரும் கதிரும் குவியத்துக்குப் போகும் கதிரும் தொடுகோட்டோடு சம கோணம்.

கோணத்தைச் சாய்வால் கணக்கிடும் வழியும் உண்டு. தொடுகோட்டின் சாய்வு 1/த, கோணத்தை இரட்டித்தால் சாய்வு 2த/(த² − 1), குவியத்தை இணைக்கும் கோட்டின் சாய்வும் அதுவே. பார்க்க அழகு. ஆனால் த = ±1 என்னும்போது பகுதி பூச்சியமாகிறது, அப்போது குவியத்துக்குப் போகும் கோடு செங்குத்து. அந்த இரண்டு புள்ளிகளையும் தனியாகப் பேசாவிட்டால் நிறுவல் ஓட்டை. இருசமபக்க முக்கோண வழியில் த = 0 மட்டுமே விலக்கு: அங்கே முக்கோணம் இல்லை, கதிர் அச்சின் வழியே நேராக வந்து நேராகவே திரும்பும். ஒரு வரியில் எழுதிவிடலாம். எனக்கு இந்த வழியே பிடிக்கும்.

7. முனைத் தொடுகோடும் மூன்று தொடுகோடுகளும்

குவியத்திலிருந்து எந்தத் தொடுகோட்டுக்குச் செங்குத்து வரைந்தாலும் அதன் அடி முனைத் தொடுகோட்டில் விழும். அடியைக் கண்டுபிடிக்க இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கத் தேவையில்லை, விடையை ஊகித்துச் சரிபார்த்தாலே நிறுவல். தொடுகோடு க = 0-வை (0, அத)-இல் வெட்டுகிறது. குவியத்திலிருந்து அதற்குச் சாய்வு −த, தொடுகோட்டின் சாய்வு 1/த, பெருக்கல் −1. செங்குத்தின் அடி ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால் அது இதுவே.

த, ச, ர என்ற மூன்று புள்ளிகளின் தொடுகோடுகள் ஒரு முக்கோணம் ஆக்கும். அதன் செங்கோட்டு மையம் (மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளி) இயக்குவரையில் இருக்கும். த, ச தொடுகோடுகள் வெட்டும் புள்ளியிலிருந்து ர-தொடுகோட்டுக்கு வரையும் குத்துக்கோட்டின் சாய்வு −ர:

ந − அ(த + ச) = −ர(க − அதச)

க = −அ போட்டால் ந = அ(த + ச + ர + தசர). இதில் மூன்று எழுத்துகளையும் எப்படி இடம் மாற்றினாலும் மதிப்பு மாறாது. ஆகவே மற்ற இரண்டு குத்துக்கோடுகளும் இதே புள்ளி வழியே போகும். மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒரு பக்கத்தை வீணாக்காதீர்கள். ஆனால் "சமச்சீரால்" என்ற காரணத்தைச் சொல்லாமலும் விடாதீர்கள்.

8. செங்கோடு வளைவரையை மறுபடி வெட்டும் இடம்

செங்கோட்டின் சமன்பாட்டில் ச-புள்ளியைப் பிரதியிடுங்கள்: 2அச + அத·ச² = 2அத + அத³. ச-க்கு இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் போட்டால் வர்க்கமூலம் வந்து பயமுறுத்தும். த-புள்ளியும் செங்கோட்டின் மீதுதானே இருக்கிறது? ஆகவே ச = த ஒரு மூலம், (ச − த) ஒரு காரணி. த(ச² − த²) + 2(ச − த) = 0 என்று சேர்த்து எழுதி வகுத்தால் த(ச + த) + 2 = 0, எனவே ச = −த − 2/த. தெரிந்த மூலத்தை முதலில் வெளியே எடுப்பது வட்டக் கணக்குகளுக்கும் உதவும் பழக்கம். ந = 0 போட்டால் செங்கோடு அச்சை 2அ + அத²-இல் வெட்டுகிறது; த-புள்ளிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து அது எப்போதும் 2அ தள்ளியே இருக்கும்.

9. நியமப்பாதை: எழுத்தை நீக்கினால் வேலை முடியவில்லை

குவிநாண்களின் நடுப்புள்ளி எந்தப் பாதையில் நகர்கிறது? க = அ(த² + ச²)/2, ந = அ(த + ச), தச = −1. த-வையும் ச-வையும் தனித்தனியாகத் தீர்க்கப் போகாதீர்கள். (த + ச)² = த² + ச² + 2தச என்ற முற்றொருமை போதும்: ந²/அ² = 2க/அ − 2. அதாவது ந² = 2அ(க − அ). இதுவும் ஒரு பரவளையம், முனை பழைய குவியத்தில்.

இங்கே உள்ள பொறி, பாதை முழுவதும் கிடைக்கிறதா என்று பார்க்காமல் விடுவது. மேலே உள்ளதில் த + ச எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம், எனவே முழுப் பாதையும் கிடைக்கிறது. ஆனால் நாண் (−அ, 0) வழியே போகிறது என்று மாற்றிப் பாருங்கள். நாணின் சமன்பாடு தச = 1 தரும், தொடுகோடுகள் வெட்டும் புள்ளி (அ, அ(த + ச)). "பாதை க = அ என்ற கோடு" என்று எழுதிவிட்டுப் போனால் தவறு. தச = 1 ஆக இருக்கும் இரண்டு வெவ்வேறு மெய்யெண்களின் கூட்டல் −2-க்கும் 2-க்கும் இடையில் வர முடியாது, ஆகவே கோட்டில் |ந| > 2அ என்ற பகுதி மட்டுமே பாதை. அது வளைவரைக்கு வெளியே உள்ள பகுதி. தொடுகோடுகள் இரண்டும் உள்ளே சந்திக்க முடியாது என்பதை நினைத்தாலே இந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும்.

10. எழுதி முடித்ததும் எண்ணால் தட்டிப் பாருங்கள்

எண்ணால் சரிபார்ப்பது நிறுவல் ஆகாது. விடைத்தாளில் அதைக் காரணமாக எழுதவே கூடாது. ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்ப்பதற்கு மட்டும். அ = 1, த = 2 எடுத்துக்கொள்ளுங்கள். த = 1 எடுக்காதீர்கள், த², 1/த எல்லாம் ஒன்றாகவே தெரிவதால் தவறு ஒளிந்துகொள்ளும்.

ச = −½. புள்ளிகள் (4, 4), (¼, −1). குவியம் (1, 0)-இலிருந்து இரண்டுக்கும் சாய்வு 4/3, ஆகவே ஒரே கோடு. நீளம் 25/4, சூத்திரப்படி (2½)² அதேதான். தொடுகோடுகள் (−1, 1½)-இல் சந்திக்கின்றன. நாணின் நடுப்புள்ளி (17/8, 1½), இயக்குவரையிலிருந்து 25/8, நீளத்தில் பாதி. நடுப்புள்ளி ந² = 2(க − 1)-இல் பொருந்துகிறதா? 9/4 = 2 × 9/8, பொருந்துகிறது. த = 2-இல் செங்கோடு ந + 2க = 12; மறுபடி வெட்டும் இடம் ச = −3, புள்ளி (9, −6); −6 + 18 = 12. இவ்வளவையும் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

எண் பொருந்தாவிட்டால் முதலில் தேட வேண்டிய இடங்கள் வரிசைப்படி: தொடுகோட்டின் சாய்வைத் தலைகீழாக எழுதியிருப்பீர்கள்; அத² என்பதை (அத)² என்று விரித்திருப்பீர்கள்; தச = −1-ஐ வர்க்கப்படுத்தும்போது த²ச² = −1 என்று எழுதியிருப்பீர்கள். மூன்றாவது தவறு களைத்துப் போன கைக்குத்தான் வரும், அதனால் நிறுவல் கேள்வியைத் தாளின் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.